ஞாபக மருந்துப் போத்தலும் நம் மிளகுச் சாக்கும்



வழமையாக இந்தப் பக்கத்தில் மிளகு, கராம்பு விலை பற்றியும் கடன் கொடுக்கல் வாங்கல் பற்றியும் எழுதுவேன். இம்முறை ஒரு மருந்துப் போத்தலைப் பற்றி எழுதுகிறேன். அதுவும் வியாபார விடயம்தான். வாசித்து முடிக்கும்போது நீங்களே ஒத்துக்கொள்வீர்கள்.

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த என் ஒன்றுவிட்ட தம்பி ஒரு நாள் கடைக்கு வந்தார். கையில் ஒரு வெள்ளைப் போத்தல். “நானா, இது ஞாபக சக்திக்கு. முழுக்க மூலிகை. மறதி வந்த வயசாளிகளுக்கும் குடுக்கலாம், சோதினை எழுதுற புள்ளைகளுக்கும் குடுக்கலாம். அரநாயக்க, மாவனல்லை, ஹெம்மாத்தகம மூணுக்கும் நீங்களே ஏஜென்டா இருங்க. நல்ல லாபம் ஈக்கிது” என்றார்.

இலாபக் கணக்கைப் பார்த்தேன். ஒரு மாதம் மிளகு வாங்கி, காயவைத்து, புடைத்து, கொழும்புக்கு ஏற்றி அனுப்பிக் கிடைப்பதை, இரண்டு பெட்டி போத்தலில் எடுத்துவிடலாம். ஆசை வந்தது உண்மை. ஆனால் விற்பதற்கு முன் வீட்டில் பார்ப்போம் என்று நினைத்தேன். என் உம்மாவுக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. மறதி நோய்க்கு ஏற்கனவே டொக்டர் தந்த குளிசை ஒன்றைக் குடித்து வருகிறார். மூலிகைதானே, என்ன செய்யப்போகிறது என்று அந்தப் போத்தலில் இருந்தும் காலை மாலை கொடுத்தேன்.

நான்காம் நாள் சுபஹுக்கு வுழூச் செய்யப் போன இடத்தில் உம்மா மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் நாடித் துடிப்பைப் பார்த்தார்கள். நிமிடத்திற்கு நாற்பதுக்கும் கீழே. “வேறென்ன மருந்து கொடுத்தீர்கள்?” என்று டொக்டர் கேட்டார். வெட்கத்தோடு போத்தலை எடுத்து நீட்டினேன். அவர் சிறிய எழுத்தைப் படித்துவிட்டு, “நீங்கள் ஒரே மருந்தை இரண்டு முறை கொடுத்திருக்கிறீர்கள். ஒன்று கம்பனியில் செய்தது, மற்றது செடியில் இருந்து எடுத்தது. இரண்டும் செய்யும் வேலை ஒன்று” என்றார்.

அல்ஹம்துலில்லாஹ், உம்மா சுகமாக வீடு வந்தார். அந்த ஒரு வசனம் மட்டும் என் மனதை விட்டுப் போகவில்லை. செடியில் இருந்து வருவது எப்படி மூளைக்குள் போய் மருந்துக் கம்பனியின் குளிசை செய்யும் அதே வேலையைச் செய்கிறது? பிறகு டொக்டரிடமும், பாமசி நடத்தும் நண்பரிடமும், பிள்ளைகளின் உதவியோடு புத்தகங்களிலும் தேடினேன். அறிந்ததை என் பாஷையில், கடைப் பாஷையில் சொல்கிறேன்.

துண்டு எழுதுபவரும் துண்டைக் கிழிப்பவரும்

புறக்கோட்டையில் ஒரு பெரிய மொத்தக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் இருப்பவர் “பருப்பு ஒரு மூடை” என்று துண்டு எழுதி களஞ்சியத்திற்கு அனுப்புகிறார். உள்ளே இருப்பவர் துண்டைப் பார்த்து மூடையை வெளியே கொடுக்கிறார். கொடுத்ததும் ஒருவர் அந்தத் துண்டைக் கிழித்துவிட வேண்டும். கிழிக்காவிட்டால் அதே துண்டுக்கு நாட்டாமி இரண்டாவது மூடையையும் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்.

நமது மூளையிலும் நரம்புகள் ஒன்றுக்கொன்று இப்படித்தான் துண்டு அனுப்புகின்றன. ஒருவகைத் துண்டின் பெயர் அசற்றைல்கோலின். ஞாபகம், கவனம் இரண்டுக்கும் இது முக்கியம். அந்தத் துண்டைக் கிழிக்கும் வேலையாளின் பெயர் அசற்றைல்கோலினெஸ்டரேஸ். பெயர் நீளம், ஆள் மிகச் சுறுசுறுப்பு. இது ஒரு நொதியம். ஒரு விநாடிக்குள் ஆயிரக்கணக்கான துண்டுகளைக் கிழித்துவிடும்.

அல்சைமர் என்ற மறதி நோயில் துண்டு எழுதும் நரம்புகள் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்து போகின்றன. எழுதப்படும் துண்டுகள் குறைவு. அதையும் உடனே கிழித்துவிட்டால் உள்ளே இருப்பவருக்குச் செய்தி கிடைக்காது. ஆகவே வைத்தியர்கள் ஒரு வழி கண்டார்கள். எழுதுபவரைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. கிழிப்பவரின் கையையாவது கொஞ்சம் பிடித்து வைப்போம். துண்டு சற்று நேரம் கூடுதலாகக் கிடக்கும், செய்தி போய்ச் சேரும். இப்படி நொதியத்தின் கையைப் பிடிக்கும் பொருளைத்தான் நொதியத் தடுப்பான் என்கிறார்கள்.

இதிலே இரண்டு விடயங்களைக் கவனியுங்கள். ஒன்று, இது நோயைக் குணமாக்குவதில்லை. சிலருக்குச் சில காலம் நிலைமையைக் கொஞ்சம் தாங்கிப் பிடிக்கிறது, அவ்வளவுதான். இரண்டு, இந்தத் துண்டு மூளையில் மட்டும் ஓடுவதில்லை. இருதயம், வயிறு, நுரையீரல், தசை எல்லா இடத்திலும் ஓடுகிறது. 1921இல் ஒட்டோ லேவி என்ற விஞ்ஞானி தவளையின் இருதயத்தை வைத்துச் செய்த பரிசோதனையில், நரம்பிலிருந்து வரும் ஒரு பொருள்தான் இருதயத்தை மெதுவாக அடிக்கச் சொல்கிறது என்று காட்டினார். அந்தப் பொருள் அசற்றைல்கோலின். 1936இல் அவருக்கும் ஹென்றி டேல் என்பவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. உம்மாவின் நாடி ஏன் இறங்கியது என்பதற்கு விடை இதிலேயே இருக்கிறது. இரண்டு பேர் சேர்ந்து கிழிப்பவரின் கையைப் பிடித்துவிட்டார்கள். “மெதுவாக அடி” என்ற துண்டு இருதயத்தில் கிழியாமல் கிடந்தது.

விசாரணைக்குக் கொடுத்த கொட்டை

இந்த வகைச் செடிகளில் முதலில் உலகம் அறிந்தது மேற்கு ஆபிரிக்காவின் கலபார் அவரை. இன்றைய நைஜீரியாவின் கலபார் பகுதியில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு இந்த அவரைக் கொட்டையை உண்ணக் கொடுப்பார்கள். வாந்தியெடுத்துப் பிழைத்தால் நிரபராதி. இறந்தால் குற்றவாளி. 1855இல் எடின்பரோவின் பேராசிரியர் ரொபர்ட் கிறிஸ்டிசன் ஒரு சிறு துண்டைத் தானே தின்று பார்த்தார். உடம்பு தளர்ந்து போகவே, முகம் சவரம் செய்த சோப்புத் தண்ணீரைக் குடித்து வாந்தியெடுத்துத் தப்பினார்.

1864இல் அந்தக் கொட்டையிலிருந்து ஃபைசொஸ்டிக்மின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். 1870களில் அது கண் அழுத்த நோய்க்கு மருந்தாயிற்று. அதன் அமைப்பைப் பின்பற்றிச் செய்யப்பட்ட ரிவஸ்டிக்மின் என்ற மருந்து 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மறதி நோய்க்கு அனுமதி பெற்றது. கொல்லக் கொடுத்த கொட்டைக்கும் வயோதிபருக்குக் கொடுக்கும் மருந்துக்கும் வழி ஒன்று. வித்தியாசம் அளவில்தான்.

இன்னொரு கிளையும் உண்டு. அதே அமைப்பைப் பார்த்து கார்பமேற் என்ற வகைப் பூச்சிகொல்லிகளைச் செய்தார்கள். ஒர்கனோபொஸ்பேற் என்ற வகையும் வேறு வழியில் வந்து இதே நொதியத்தைத்தான் பிடிக்கிறது. அவ்வகை நஞ்சு உள்ளே போனவரை ஆஸ்பத்திரியில் காப்பாற்றக் கொடுக்கும் அத்ரோபின் மருந்தும் முதலில் செடியிலிருந்து வந்ததுதான். நமது ஊர் ஊமத்தையிலும் அது உண்டு. அதனால் ஊமத்தையை மருந்து என்று யாரும் தொட்டுவிடக் கூடாது. அதுவும் கொல்லும்.

பூச்சிகொல்லி விற்ற கடைகள் நம் ஊர்களில் எத்தனை என்று உங்களுக்குத் தெரியும். இலங்கையில் 1995இல் மொனோகுரோட்டொபொஸ், மெத்தமிடொபொஸ் போன்ற கொடிய வகைகளின் இறக்குமதி நிறுத்தப்பட்டது. 1998இல் எண்டோசல்பான் தடை செய்யப்பட்டது. அது வேறு வகை நஞ்சு. 1995இல் இலட்சம் பேருக்கு 47 ஆக இருந்த நாட்டின் தற்கொலை வீதம் 2005இல் 24 ஆகக் குறைந்ததற்கு இத்தடைகள் பெரிய காரணம் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். கடைத் தட்டில் எது இருக்கிறது, எது இல்லை என்பது ஊரில் எத்தனை ஜனாஸா எழும்புகிறது என்பதையே மாற்றிவிடும். தட்டை அடுக்குகிற நாம் அதை மறக்கலாமா?

பூவில் இருந்து வந்த மருந்து

அடுத்தது கலன்டமின். ஐரோப்பாவில் பனிக்காலம் முடியும் முன்பே பூக்கும் ஸ்னோட்ரொப் என்ற சிறிய வெள்ளைப் பூச்செடியின் கிழங்கிலிருந்து 1950களில் சோவியத் விஞ்ஞானிகள் பிரித்தெடுத்தது. பல்கேரியாவில் டிமிட்டார் பஸ்கோவ் என்பவர் அதை நிவலின் என்ற பெயரில் மருந்தாக்கினார். முதலில் போலியோவால் தளர்ந்த தசைகளுக்குப் பயன்பட்டது. 2001இல் அமெரிக்காவில் மறதி நோய்க்கு அனுமதி கிடைத்தது. மஞ்சள் பூப்பூக்கும் டெபடில் கிழங்கிலும் இதே பொருள் உண்டு.

வியாபாரிகளாகிய நாம் பார்க்க வேண்டிய இடம் இது. பிரித்தானியாவின் வேல்ஸ் பகுதியில் செம்மறி ஆடு வளர்க்கும் மலை விவசாயிகள் டெபடில் பயிரிட்டு, கலன்டமின் எடுக்கும் கம்பனிக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். உயரமான மலையில் வளர்ந்த செடியில் அந்தப் பொருள் கூடுதலாகக் கிடைக்கிறது என்று கண்டதால் வந்த தொழில் அது. அந்த விவசாயி டெபடில் கிழங்கைச் சந்தையில் வைத்து “ஞாபக சக்திக்கு நல்லது, வாங்குங்கள்” என்று கூவவில்லை. கிழங்கில் எத்தனை வீதம் என்று அளந்து, சட்டப்படி மருந்து செய்பவருக்கு விற்கிறார். பணமும் வருகிறது, யாரும் மயங்கி விழுவதும் இல்லை.

இந்த மருந்தில் பெயர் வைப்பது பற்றியும் ஒரு பாடம் உண்டு. அமெரிக்காவில் இது முதலில் ரெமினில் என்ற பெயரில் வந்தது. நீரிழிவுக்குக் கொடுக்கும் அமரில் என்ற மருந்தின் பெயரோடு அது குழம்பியது. கையெழுத்தைத் தவறாக வாசித்து மாற்றிக் கொடுத்ததில் மரணமும் நிகழ்ந்தது. 2005இல் அங்கே பெயரையே ரசடைன் என்று மாற்றினார்கள். படித்த பாமசிக்காரருக்கே தவறுகிறது. பலசரக்குக் கடையில் மாவுக்கும் சீனிக்கும் நடுவில் மருந்து நிறுக்கும் நமக்குத் தவறாதா?

அந்தப் போத்தலில் இருந்தது என்ன?

உம்மாவுக்கு நான் கொடுத்த போத்தலில் இருந்தது ஹூபர்சின் என்ற பொருள். சீனாவில் பரம்பரையாகப் பயன்பட்ட ஒரு பாசி போன்ற சிறிய செடியிலிருந்து 1980களில் சீன விஞ்ஞானிகள் பிரித்தெடுத்தது. சீனாவில் இதை மருந்தாகக் கொடுக்கிறார்கள். அமெரிக்காவில் உணவுத் துணைப் பொருள் என்ற பெயரில் கடைகளில் கிடைக்கிறது. அங்கே அல்சைமர் நோயாளிகள் 210 பேரைக் கொண்டு செய்த ஒரு பரிசோதனையின் முடிவு 2011இல் வெளியானது. ஒரு வேளைக்கு 200 மைக்ரோகிராம் வீதம் நாளுக்கு இரண்டு வேளை கொடுத்தவர்களுக்கு, வெற்றுக் குளிசை கொடுத்தவர்களை விடக் குறிப்பிடத்தக்க பயன் கிடைக்கவில்லை.

200 மைக்ரோகிராம் என்றால் எவ்வளவு தெரியுமா? ஒரு கிராமை 5,000 பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. நமது கடைத் தராசு அல்ல, தங்கக் கடைத் தராசும் அதைக் காட்டாது. அவ்வளவு சிறிய அளவிலேயே மூளையிலும் இருதயத்திலும் வேலை செய்யும் பொருளை, “மூலிகைதானே” என்று நான் கைநிறைய வாங்கி விற்கப் போனேன். இதே நொதியத்தைப் பிடிக்கும் டொனெபசில் போன்ற குளிசை குடிப்பவருக்கு இதையும் கொடுத்தால் வாந்தி, வயிற்றோட்டம், நாடி இறக்கம், மயக்கம் வரலாம். ஆஸ்துமா, வயிற்றுப் புண், இருதயத் துடிப்பில் கோளாறு உள்ளவருக்கு இன்னும் ஆபத்து.

இந்தச் செடியின் உறவுகள் நமது மலைக்காடுகளிலும் உண்டு. மரத்தில் தொங்கும் ஹெடயா என்று சிங்களத்தில் சொல்வார்களே, அதுவும் அந்தக் குடும்பம்தான். இதை வாசித்துவிட்டு யாரும் சாக்கை எடுத்துக்கொண்டு மலைக்குப் போகவேண்டாம். மிக மெதுவாக வளரும் செடி. பிடுங்கினால் மீண்டும் வருவது அரிது. ஒதுக்கக் காட்டில் அனுமதியின்றிப் பிடுங்குவது குற்றமும் கூட.

நமது கடையிலேயே இருக்கிறது

வெளிநாட்டுப் போத்தலை விடுங்கள். நமது பலசரக்குக் கடையிலேயே இவ்வகைப் பொருட்கள் சும்மா கிடக்கின்றன.

முதலாவது, உருளைக்கிழங்கு. வெளிச்சத்தில் கிடந்து பச்சை பிடித்த கிழங்கிலும், முளையிலும் சொலனைன் என்ற நஞ்சு கூடுகிறது. அதுவும் துண்டு கிழிக்கும் நொதியத்தைப் பிடிப்பதுதான். லண்டனில் லூவிஷம் என்ற இடத்தில் பாடசாலைப் பகலுணவில் கெட்ட கிழங்கை உண்ட 78 மாணவர்கள் நோயுற்றார்கள். சிலருடைய நிலைமை மோசமாகியது. அவிப்பதால் இந்த நஞ்சு போகாது. ஆகவே கிழங்கு மூடையைக் கடை வாசலில் வெயில் படத் திறந்து வைக்காதீர்கள். பச்சையானதைக் குறைந்த விலைக்கு ஹோட்டலுக்குத் தள்ளிவிடுவதும் வேண்டாம். அதை எறிவது நட்டமல்ல.

இரண்டாவது, சாதிக்காய். நம் கேகாலை மாவட்டம் கண்டி, மாத்தளையோடு சேர்ந்து சாதிக்காய்க்குப் பெயர் போனது. கறிக்கும் வட்டிலப்பத்திற்கும் போடும் சிட்டிகை ஒன்றும் செய்யாது. ஆனால் ஒரு தேக்கரண்டிக்கு மேல் தூளாக விழுங்கினால் நெஞ்சு படபடப்பு, வாய் வறட்சி, மயக்கம், மனக் குழப்பம் வரும். அதிலுள்ள மிரிஸ்டிசின் என்ற பொருள் மொனோஅமின் ஒக்சிடேஸ் என்ற வேறொரு மூளை நொதியத்தைச் சற்றுத் தடுப்பதை விலங்குப் பரிசோதனைகளில் கண்டிருக்கிறார்கள். நமது ஷாபிஈ மத்ஹபின் பெரும் அறிஞர் இப்னு ஹஜர் அல்ஹைதமி (ரஹ்) அவர்கள் 16ஆம் நூற்றாண்டிலேயே சாதிக்காயைப் போதை தரும் பொருட்களோடு வைத்துப் பேசியிருக்கிறார்கள். உணவில் சிறிதளவு சேர்ப்பதற்கு இடமுண்டு என்று சொன்ன உலமாக்களும் உண்டு. அந்தத் தீர்ப்பை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்வோம். வியாபாரத்தில் நாம் அறிய வேண்டியது இதுதான்: சவூதிக்குப் போகிறவரின் பெட்டியில் சாதிக்காய் போடச் சொல்லாதீர்கள். அங்கே அதற்குக் கடும் கட்டுப்பாடு உண்டு.

மூன்றாவது, வல்லாரையும் நீர்ப்பிரமியும். வல்லாரையை நாம் கொட்டுகொல என்று சம்பல் செய்து உண்கிறோம். சிங்களத்தில் லுணுவில எனப்படும் நீர்ப்பிரமியை வைத்து மனிதரில் செய்த சிறிய ஆய்வுகள் சிலவற்றில், சுமார் 12 வாரம் தொடர்ந்து உட்கொண்டவர்களின் ஞாபகத்தில் ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது. அது மறதி நோயைக் குணமாக்கும் என்பதற்கு ஆதாரமல்ல. கீரையாக விற்பது வேறு, “டிமென்சியாவுக்கு மருந்து” என்று பக்கற்றில் அச்சடிப்பது வேறு. ஆய்வுகூடத்தில் கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு நொதியத்தைத் தடுக்கும் செடிகள் எத்தனையோ உண்டு. வயிற்றைக் கடந்து, ஈரலைக் கடந்து, மூளைக்குப் போய்ச் சேருவது அதில் மிகச் சில.

மிளகு தந்த பாடம்

நான்காவது நம் அரநாயக்கவின் சொந்தச் சரக்கு, மிளகு. திப்பிட்டிய, தல்கஸ்பிட்டிய பக்கம் மிளகுக் கொடி ஏறாத கமுகு மரம் குறைவு. மிளகின் காரத்திற்குக் காரணம் பைபரின். 1819இல் டென்மார்க் விஞ்ஞானி ஏர்ஸ்டெட் பிரித்தெடுத்தார். காய்ந்த மிளகில் பொதுவாக 5 முதல் 9 வீதம் வரை இருக்கும். பைபரினும் மொனோஅமின் ஒக்சிடேஸ் நொதியத்தை மெதுவாகத் தடுப்பதை எலிகளின் மூளையில் பார்த்திருக்கிறார்கள். மனிதரில் நன்றாக நிரூபிக்கப்பட்டது வேறொன்று: குடலிலும் ஈரலிலும் மருந்துகளை உடைக்கும் நொதியங்களை அது தடுக்கிறது.

இதை வைத்து முன்னேறிய ஒருவரைப் பற்றிச் சொல்லவேண்டும். கேரளத்தின் கொல்லத்தில் பிறந்த டொக்டர் முஹம்மது மஜீத். பாமசிப் படிப்புப் படித்து அமெரிக்கா போய், 1988இல் நியூ ஜேர்சியில் சபின்சா என்ற கம்பனியைத் தொடங்கினார். பிறகு பெங்களூரிலும் தொழிற்சாலை அமைத்தார். பைபரினைச் சுத்தமாகப் பிரித்து பயோபெரின் என்று பெயரிட்டு, 1990களில் காப்புரிமையும் எடுத்தார். 1998இல் பெங்களூரில் நடந்த ஆய்வொன்றில் அவரும் பங்காளி. 2 கிராம் மஞ்சள் சத்தோடு வெறும் 20 மில்லிகிராம் பைபரின் சேர்த்துக் கொடுத்தபோது இரத்தத்தில் சேர்ந்த மஞ்சள் சத்து சுமார் 20 மடங்காயிற்று. 2023இல் அவர் காலமாகும்போது அந்த நிறுவனம் பல நாடுகளில் பரவியிருந்தது.

நாம் சாக்குக் கணக்கில் விற்கும் அதே மிளகுதான். அவர் மில்லிகிராம் கணக்கில் விற்றார். இடையில் இருந்தது அளவும் ஆய்வும். இலங்கை மிளகில் எண்ணெயும் பைபரினும் கூடுதல் என்பதால், சாறு எடுக்கும் இந்தியத் தொழிற்சாலைகள் நமது முற்றாத மிளகைத் தேடி வாங்குகின்றன. ஆனால் நம்மில் எத்தனை பேர் நம் சரக்கில் பைபரின் எத்தனை வீதம் என்று தெரிந்து விலை பேசுகிறோம்? லீட்டர் நிறையும் ஈரமும் மட்டும் பார்க்கிறோம். கொழும்பில் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனத்தில் கட்டணம் செலுத்திச் சோதித்துக்கொள்ளலாம். எந்தக் கொடி, எப்போது பறிப்பது என்பதற்கு ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். நாலைந்து வியாபாரிகள் சேர்ந்தால் செலவு பெரிதல்ல.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். மஞ்சள் சத்தை 20 மடங்காக்கும் அதே தன்மை, நோயாளி குடிக்கும் மருந்தையும் கூட்டிவிடும். வலிப்புக்குக் கொடுக்கும் பெனிட்டொயின், இரத்த அழுத்தத்திற்குக் கொடுக்கும் புரொப்ரனலோல் ஆகியவற்றின் அளவு இரத்தத்தில் கூடுவது ஆய்வில் தெரிந்தது. இரசத்தில் போடும் மிளகுக்குப் பயமில்லை. பைபரின் குளிசையாகக் குடிக்க விரும்புபவர் டொக்டரிடம் கேட்டுவிட்டே குடிக்கவேண்டும். “பக்க விளைவு இல்லை” என்று எந்த வியாபாரியும் சொல்ல முடியாது. வேலை செய்யும் பொருள் என்றால் பக்க விளைவும் இருக்கத்தான் செய்யும்.

எல்லை எங்கே?

சட்டத்தில் எல்லை போட்டிருக்கிறது. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்படி மருந்துகளும், மருந்துக்கும் உணவுக்கும் இடையில் நிற்கும் பொருட்களும் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபையின் கீழ் வருகின்றன. நாட்டு மருந்துகளுக்கு 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டமும் திணைக்களமும் உண்டு. ஏமாற்றும் விதமாகப் பொருளைப் புகழ்ந்து விற்பதை 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் தடுக்கிறது. பயணப் பெட்டியில் வந்த போத்தலை ஏஜென்ட் எடுத்து விற்றிருந்தால் நான் எங்கே நின்றிருப்பேன் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

மார்க்கத்தில் எல்லை இன்னும் முந்தியது. தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்டு, அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கண்டித்த நபி (ஸல்) அவர்களின் வழி நமக்குத் தெரியும். வைத்தியம் தெரியாதவர் வைத்தியம் பார்த்துத் தீங்கு நேர்ந்தால் அவரே பொறுப்பாளி என்ற கருத்திலும் ஹதீஸ் வந்திருக்கிறது. முதலாவதை ஒவ்வொரு ஜும்ஆவிலும் கேட்ட மாதிரி இருக்கிறது. இரண்டாவதை நான் ஆஸ்பத்திரி வாங்கில் இருக்கும்போதுதான் நினைத்துப் பார்த்தேன்.

ஆகவே என் கடையில் இப்போது நான் கடைப்பிடிப்பது இவை. சரக்கைச் சரக்காகவே விற்பேன், நோயின் பெயர் சொல்லி விற்கமாட்டேன். பதிவு இலக்கம் இல்லாத போத்தலை எடுக்கமாட்டேன். “மறதிக்கு ஏதாவது ஈக்கா?” என்று கேட்டு வருபவரிடம், “வேறு என்ன மருந்து குடிக்கிறார்? டொக்டரிடம் காட்டினீர்களா?” என்று கேட்பேன். மறதி எல்லாம் அல்சைமர் அல்ல. தைரொயிட் குறைவு, விட்டமின் பி12 குறைவு, மனச் சோர்வு, குடிக்கும் வேறு மருந்து இவற்றாலும் மறதி வரும். அவற்றில் பலதைக் குணமாக்கலாம். கடையில் போத்தல் வாங்கிக் காலம் கடத்தினால் அந்த வாய்ப்புத்தான் போய்விடும். வீட்டில் வயோதிபர் இருந்தால், மூலிகை, கசாயம், வெளிநாட்டு விட்டமின் உட்பட எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு கிளினிக்குக்கு எடுத்துச் செல்லுங்கள். டொக்டர் கேட்காவிட்டாலும் காட்டுங்கள்.

தம்பியிடம் ஏஜென்சி வேண்டாம் என்று சொன்னேன். கொஞ்சம் கோபித்துக்கொண்டார். அவருக்கும் அவள் மாமிதானே, காரணத்தைச் சொன்னதும் பேசாமல் போத்தல்களைக் கட்டி எடுத்துக்கொண்டு போனார். உம்மா இப்போதும் சில நாட்களில் என் பெயரை மறந்து, மௌத்தான என் நானாவின் பெயரால் என்னைக் கூப்பிடுகிறார். டொக்டர் தந்த ஒரு குளிசையோடு அந்த மறதியும் இருந்துவிட்டுப் போகட்டும். நான் “ஓ உம்மா” என்று பதில் சொல்கிறேன்.

அடுத்த முறை இன்ஷா அல்லாஹ் மிளகு, கராம்பைச் சோதனைக்கு அனுப்புவது எப்படி, மாதிரி எடுப்பது எப்படி என்று விரிவாக எழுதுகிறேன். வஸ்ஸலாம்.